சொன்ன களைப்பும் சொல்லாத களைப்பும்

இதய மருத்துவர் எனக்கு ஒன்றரை மாத ஓய்வு எழுதிக் கொடுத்தார். அதை நானாகவே பல மாதங்களுக்கு நீட்டிக்கொண்டேன். நீட்டுவதற்கு நான் பயன்படுத்திய காரணம் களைப்பு. முதலில் அது உண்மை. பிறகு பாதி உண்மை. கடைசியில், மனைவி காப்பி டம்ளரை நீட்டும்போது முகத்தில் வரவழைத்துக்கொள்ளும் வெறும் பாவனை. மனசாட்சி உறுத்தியதால் எழுதுகிறேன் என்று சொன்னால் அதுவும் பொய்தான். என் நெஞ்சுக்குள் இருக்கும் பேஸ்மேக்கர் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அகப்பட்ட பிறகுதான் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு 66 வயது. மின்வாரியத்தில் உதவிச் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே, லிஃப்ட் இல்லாத ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் நானும் மனைவியும் இருக்கிறோம். மகள் கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறாள்.

கருவி வைப்பதற்கு முந்தைய வருடம் நான் நிஜமாகவே களைத்துக் கிடந்தேன். குளித்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டும். வயசாச்சு என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஆண்பிள்ளை, அதிலும் அதிகாரியாக இருந்தவன், அசதியாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்க நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தேன். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 36. சொல்ல வேண்டிய காலத்தில் மறைத்த அதே ஆள்தான், சொல்லத் தேவையில்லாத காலத்தில் ஊரைக் கூட்டிச் சொன்னேன் என்பதைக் கவனியுங்கள்.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. துடிப்புக்கான மின்தூண்டல் அங்கிருந்துதான் புறப்படுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அது சொல்ல, இதயம் கேட்கிறது. என்னுடைய கணு மந்தமாகிவிட்டது. நடுநடுவே சில விநாடிகள் சொல்லாமலே நின்றுவிடவும் செய்தது. அதற்குத்தான் இடது காறையெலும்புக்குக் கீழே தோலைக் கீறிக் கருவியைப் பதித்து, இரத்தக்குழாய் வழியாக இரண்டு மெல்லிய கம்பிகளை விட்டு, ஒன்றை இதயத்தின் வலது மேலறையிலும் மற்றதை வலது கீழறையிலும் பொருத்தினார்கள். முழு மயக்கம்கூடக் கொடுக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். மருத்துவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் எனக்குக் கேட்டது.

பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் பேசினார்கள். “பேட்டரி போட்டாச்சு, இனிமே கவலையில்ல. பழைய மாதிரி ஓடலாம்.” நானும் அப்படித்தான் நம்பினேன். மின்சாரத்தோடு பிழைத்தவனுக்கே அது புரியவில்லை. தெருவிளக்கின் டைமர் எப்படி மின்சாரத்தை உற்பத்தி செய்யாதோ அப்படித்தான் பேஸ்மேக்கரும். அது இதயத் தசைக்குப் பலம் கொடுக்காது. துடிப்பு ஓர் அளவுக்குக் கீழே போனால் தட்டிவிடும், அவ்வளவுதான். ஒரு வருடம் மெதுவாக ஓடிய இரத்தத்துக்குப் பழகிப்போன உடம்பு, உட்கார்ந்து உட்கார்ந்து வலுவிழந்த கால் தசை, காயம், இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியாத இரவுகள், புது மாத்திரைகள் எல்லாம் சேர்ந்து ஆரம்ப வாரங்களில் களைப்பைத் தரத்தான் செய்யும். யாரும் அதை எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

அந்த முதல் வாரங்களின் களைப்பைப் பற்றி நான் வெட்கப்படவில்லை. அது அசல். பல் தேய்த்துவிட்டு வந்தால் படுக்கத் தோன்றும். பேரனோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் தேய்ந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கினால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் விழிப்பு வரும். விழித்த பிறகும் தூங்கிய மாதிரி இருக்காது.

அந்த வாரங்களில் மனைவி என்னைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கம்பி இதயச் சுவரில் ஊன்றிக்கொள்ளும்வரை அது இடம் பெயர்ந்துவிடலாம் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. அவளே சட்டை மாட்டிவிட்டாள், தலைக்கு ஊற்றிவிட்டாள். எங்கள் பகுதியில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான். 20 லிட்டர் கேனைப் பையன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவான். அதை உள்ளே கொண்டுவந்து ஸ்டாண்டில் கவிழ்ப்பது அதுவரை என் வேலை. அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

காயம் ஆறியது. தையல் தழும்பாயிற்று. மருத்துவர் சொன்ன ஒன்றரை மாதமும் முடிந்தது. கேன் மட்டும் என் கைக்குத் திரும்பி வரவில்லை.

எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்கிறேன். கருவியோடு கொடுத்த கையேட்டை மனப்பாடம் செய்தேன். மொபைல் போனைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். சரி, போனை எடுத்துக்கொண்டு வா, வலது காதில் வை. இன்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பது நல்லது. அதைப் படித்த நாளிலிருந்து நான் சமையலறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கட்டுப்பாடு இடது கைக்கு மட்டும்தான். நான் வலது கைக்காரன். வலது கையால் செய்ய வேண்டிய வேலைகளையும் இடது கையின் கணக்கில் எழுதினேன்.

யாராவது பார்க்க வந்தால் ஈசி சேரில் இன்னும் கொஞ்சம் சரிந்துகொள்வேன். பாதி வாக்கியத்தில் நிறுத்தி மூச்சு விடுவேன். வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தின் பெயர் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. வேலையில் இருந்தபோது மழைக்காலத்தில் ஒரு பகுதிக்கே மின்சாரம் போனால், என் ஒரு வார்த்தைக்காக லைன்மேன்கள் காத்திருப்பார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் என்னிடம் கேட்க யாருக்கும் ஒன்றுமில்லை. பால் கார்டைப் புதுப்பிப்பதிலிருந்து கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதுவது என்பதுவரை அவளே முடிவெடுத்துப் பழகியிருந்தாள். நோயாளியான பிறகு வீடு மறுபடியும் என்னைச் சுற்றிச் சுழன்றது. மத்தியானம் குழம்பில் உப்பு எவ்வளவு என்பதுகூட என்னைக் கேட்டு முடிவாயிற்று. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது. எனக்குப் பயம். நடந்தால் கம்பி நழுவிவிடுமோ, வேகமாகக் கை வீசினால் கருவி நின்றுவிடுமோ என்ற பயம். பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. களைப்பாக இருக்கிறது என்று சொல்வது சுலபமாக இருந்தது.

உலகத்திலேயே முதன்முதலில் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட மனிதரைப் பற்றி அந்த மாதங்களில்தான் படித்தேன். ஸ்வீடன்காரர், பெயர் ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8 அன்று கரோலின்ஸ்கா மருத்துவமனையில் அவருக்கு அது வைக்கப்பட்டபோது வயது 43. இதய அடைப்பால் ஒரு நாளில் பல முறை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர். அறுவை செய்தவர் ஓகே சென்னிங். கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து, அதில் பிசினை ஊற்றி வார்த்தார். முதல் கருவி சில மணி நேரம்தான் வேலை செய்தது. மாற்றினார்கள். பிறகு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகள். சென்னிங்கும் எல்ம்க்விஸ்ட்டும் காலமான பிறகும் லார்சன் இருந்தார். 2001-இல், 86 வயதில், இதயத்துக்குத் தொடர்பில்லாத புற்றுநோயால் இறந்தார்.

இந்தக் கதையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னேன். 43 ஆண்டுகள், 26 கருவிகள் என்று எண்களை அழுத்திச் சொல்வேன். கதையில் ஒருவரை மட்டும் விட்டுவிடுவேன். லார்சனின் மனைவி எல்ஸ் மரி. அந்தக் கருவி இன்னும் மனிதருக்கு வைக்கும் நிலைக்கு வரவில்லை என்று சொன்ன மருத்துவரையும் பொறியாளரையும் விடாமல் துரத்தி, செய்துதான் ஆகவேண்டும் என்று நின்றவர் அவர். அவர் இல்லாவிட்டால் அந்த முதல் கருவி அந்தத் தேதியில் லார்சனின் உடம்புக்குள் போயிருக்காது. நான் அவரை விட்டுவிட்டுச் சொன்ன நேரத்தில் என் மனைவி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

அவளும் என் பொருட்டு அலைந்தவள்தான். திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலில் 108 சுற்று வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். அகத்தியருக்கு மூலிகைகளின் குணங்களைச் சிவன் சொல்லிக்கொடுத்த தலம் என்பது ஐதீகம். நோய் தீரவேண்டி வருகிறவர்கள் அங்கே நிறைய. பிரதட்சணத்தை ஒரே நாளில் முடிக்க முடியாமல் பிரித்துப் பிரித்துச் சுற்றினாள். ஏன் முடியவில்லை என்று நான் கேட்கவில்லை. அவள் கோயிலுக்குப் போகும் மாலைகள் எனக்கு விடுதலை. கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் எழுந்து மொட்டைமாடிக்குப் போவேன். அங்கிருந்து கடல் தெரியும். காற்று வாங்கிவிட்டு, சில நாள் கீழே இறங்கி முனைக் கடையில் டீயும் குடித்துவிட்டு, அவள் வருவதற்குள் ஈசி சேருக்குத் திரும்பிவிடுவேன்.

மாடிப்படி ஏறும்போது மட்டும் எனக்கு மூச்சு முட்டியது. சமதளத்தில் நடந்தால் ஒன்றுமில்லை. படியில் பாதி ஏறியதும் கால் கனத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இது பாசாங்கில்லை. ஆனால் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நீ எதற்கு மாடி ஏறினாய் என்ற கேள்வி வருமே. ஊரெல்லாம் சொன்ன களைப்பு பொய்யாகவும், சொல்லாமல் வைத்திருந்த களைப்பு மெய்யாகவும் ஆன கோலத்தை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

ஆவணியில் அவளுடைய அண்ணன் மகனுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். என்னை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றாள். போய்த்தான் ஆகவேண்டும், என்னைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று பெரிய மனதோடு அனுப்பிவைத்தேன். அவள் இல்லாத அந்த ஒரு வாரம்தான் நான் கருவி வைத்த பிறகு மிக ஆரோக்கியமாக வாழ்ந்த வாரம். விடியற்காலையில் எழுந்து கடற்கரையோரமாகக் கொட்டிவாக்கம் பக்கம் நடந்து போய்த் திரும்பினேன். குப்பத்துப் படகுகள் கரை சேரும் நேரம் பார்த்து மீன் வாங்கினேன். நானே குழம்பு வைத்தேன். கேன் தண்ணீர் வந்தது, தூக்கிக் கவிழ்த்தேன். இரவில் அவள் போன் செய்தால் மட்டும் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வேன். அவள் திரும்பி வந்த அன்று ஆட்டோ வாசலில் நிற்கும் சத்தம் கேட்டதும் போய்ச் சாய்ந்துகொண்டேன். அவள் பெட்டியையும் பையையும் இரண்டு மாடி தூக்கிக்கொண்டு வந்து, மூச்சிரைக்க, “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டாள். “இருக்கேன்” என்றேன்.

ஒன்றரை மாதத்தில் வரச் சொன்ன பேஸ்மேக்கர் செக்கப்பை இந்தக் காரணங்களால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போனால் எல்லாம் சரியாக இருக்கிறது, நடமாடலாம் என்று சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்க விருப்பமில்லை. மகள் போனில் சத்தம் போட்ட பிறகு கார்த்திகையில் ஒருவழியாகப் போனேன். மனைவியும் கூட வந்தாள்.

செக்கப் என்பது ஊசி, கத்தி எதுவும் இல்லாதது. சட்டையைத் திறந்து, கருவி இருக்கும் இடத்தின் மேல் உள்ளங்கையளவு ஒன்றை வைத்தார் டெக்னீஷியன். லேப்டாப் போன்ற ஒரு திரையில் பேட்டரி எவ்வளவு இருக்கிறது, கம்பிகள் எப்படி இருக்கின்றன, இதயம் தானாக எத்தனை துடித்தது, கருவி எத்தனை துடிக்க வைத்தது என்றெல்லாம் வந்தது. நானும் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வாழ்க்கை மீட்டர் ரீடிங்கைப் பார்த்தவன் அல்லவா. பிறகு டாக்டர் வந்து இன்னொரு வரைபடத்தைத் திறந்தார்.

சில வகைக் கருவிகளுக்குள் உடம்பின் அசைவை உணரும் நுண்கருவி ஒன்று உண்டு. நடக்கும்போது அசைவை அறிந்து துடிப்பைக் கூட்டுவதற்காக வைத்தது. அதே கருவி, ஆள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நடமாடினான் என்பதையும் தேதிவாரியாகப் பதிந்துவைக்கும். எல்லாக் கருவிகளிலும் இது இல்லை. என்னுடையதில் இருந்தது. மின்வாரியத்துக்காரன் நெஞ்சிலேயே ஒரு மீட்டர் இருந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை.

“சார், நடமாட்டம் ரொம்பக் கம்மியா இருக்கே. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்கூட வரல.”

“களைப்பா இருக்கு டாக்டர்.”

“ஆனா நடுவுல ஒரு வாரம் நல்லா இருந்திருக்கீங்களே. தினம் மூணு மணி நேரத்துக்கு மேல போயிருக்கு. அப்ப என்ன பண்ணீங்க?”

நான் திரையைப் பார்த்தேன். தரையோடு தரையாகப் போன கோட்டில் ஓரிடத்தில் மட்டும் கோபுரம் மாதிரி எழும்பியிருந்தது. மனைவிதான் கேட்டாள்.

“எந்த வாரம் டாக்டர்?”

அவர் தேதிகளைப் படித்தார்.

“நான் அப்ப கும்பகோணத்துல இருந்தேன்” என்றாள். அதற்கு மேல் அங்கே அவள் ஒன்றும் பேசவில்லை. டாக்டருக்குப் புரிந்திருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, உண்மையில் எப்போது களைப்பு வருகிறது என்று என்னைக் கேட்டார். உண்மையில் என்ற சொல்லை அழுத்தாமல்தான் சொன்னார். நான் மொட்டைமாடிப் படிகளைப் பற்றிச் சொன்னேன். இன்னொரு படத்தைத் திறந்து காட்டினார். என் இதயத்துடிப்பு முக்கால்வாசி நேரம் 60-க்கும் 70-க்கும் நடுவிலேயே நின்றிருந்தது. மந்தமான கணு தானாக வேகத்தைக் கூட்டாது. அசைவுக்கேற்பக் கூட்டும் வசதியை இன்னும் இயக்கி வைக்கவில்லை. படியேறும் உடம்பு கேட்ட இரத்தம் அதற்குப் போகவில்லை. அன்றைக்கே அதை இயக்கி அளவு மாற்றினார்கள். அடுத்த வாரம் படி சுலபமாயிற்று. ஒன்றரை மாதத்தில் வந்து இதை மட்டும் சொல்லியிருந்தால் அப்போதே தீர்ந்திருக்கும் விஷயம்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். திருவான்மியூர் சிக்னல் தாண்டும்வரை அவள் பேசவில்லை. பிறகு சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அந்த வாரம் கேன் தண்ணிய யாருங்க மாத்துனது?”

“நான்தான்.”

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு மாவு கரைத்தாள்.

அவளுடைய களைப்பைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அதற்கும் பிறகுதான். தைப் பொங்கலுக்கு வந்திருந்த மகள், “அம்மா ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்கா?” என்று கேட்டு, இரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஹீமோகுளோபின் 8. அவள் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகை. காரணத்தைத் தேடினார்கள். வயிற்றில் புண், கொஞ்சம் கொஞ்சமாக இரத்தக் கசிவு. தோள்வலிக்காகப் பல மாதமாக மருந்துக்கடையில் அவளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட வலி மாத்திரைகள் செய்த வேலை. வலி நிவாரண மாத்திரைகளில் பல இரைப்பையின் உட்சுவரை அரிக்கக்கூடியவை. வெறும் வயிற்றில், நாள்கணக்கில் போட்டால் கேட்கவே வேண்டாம். தோள் ஏன் வலித்தது என்று மகள் கேட்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. “கேன் தூக்கினது” என்று மட்டும் சொன்னாள்.

108 சுற்றை ஏன் பிரித்துப் பிரித்துச் சுற்றினாள் என்பதற்கான பதிலும் அதுதான்.

நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். என் மனைவிக்கு 61 வயது. அந்தக் கணக்கெடுப்பிலும் அவள் இல்லை, என் கணக்கிலும் இல்லை. நான் அசதியாக இருக்கிறது என்றால் கேட்பவர் பார்வை என் இடது தோளுக்குக் கீழே போகும், உடனே நம்புவார்கள். என் களைப்புக்குத் தழும்பு சாட்சி. அவள் எப்போதாவது முடியவில்லை என்று சொன்னால், கொஞ்ச நேரம் படு, சரியாகிவிடும் என்பேன். படுத்தால் யார் சமைப்பது என்பதை நானும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை.

பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட பிரபலங்களில் போப்பாண்டவராக இருந்த பதினாறாம் பெனடிக்ட்டும் ஒருவர். 2013 பிப்ரவரியில் உடலிலும் மனத்திலும் வலிமை குறைந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிப் பதவி விலகினார். அவருக்குப் பேஸ்மேக்கர் இருப்பதும், சில மாதங்களுக்கு முன்பு அதன் பேட்டரியை மாற்றியதும் அதற்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்கும் விலகலுக்கும் சம்பந்தமில்லை என்று வாடிகன் சொன்னது. முடியவில்லை என்று சொன்ன மனிதர் பதவியை விட்டார். நானும் முடியவில்லை என்றுதான் சொன்னேன். வேலையை மட்டும் விட்டேன். குடும்பத் தலைவர் பதவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

புதிதாகக் கருவி வைத்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், தவறு செய்தவன் என்ற தகுதியில் சிலதைச் சொல்லலாம். முதல் சில வாரக் களைப்பு இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். தூங்குங்கள், பிறகு கொஞ்சம் நடங்கள், மறுநாள் இன்னும் கொஞ்சம். கையைத் தோளுக்கு மேல் தூக்காதே என்றால் கையையே அசைக்காதே என்று பொருளில்லை. அப்படிக் கட்டிப்போட்டால் தோள் இறுகிவிடும். வாரங்கள் போன பிறகும் களைப்பு நீங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். கருவியின் அமைப்பாக இருக்கலாம், துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளாக இருக்கலாம், இரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு வழி உண்டு. எந்த நேரத்தில், எந்த வேலையில், எவ்வளவு களைப்பு என்று கூட்டாமல் குறைக்காமல் சொன்னால்தான் மருத்துவரால் அந்த வழியைக் கண்டுபிடிக்க முடியும். மயக்கம் வந்தாலோ, தையல் போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ செக்கப் தேதிவரை காத்திருக்கவே கூடாது. உங்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள்.

நான் திருந்திவிட்டேன் என்று முடித்தால் படிக்க நன்றாக இருக்கும். கேனை இப்போது நான்தான் தூக்குகிறேன். காலைச் சமையலில் பாதி என்னுடையது. அவள் வயிற்றுப்புண் ஆறி, ஹீமோகுளோபினும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் போன வாரம்கூட, விருந்தாளி வந்திருந்தபோது பாத்திரம் தேய்க்கும் வேலை வந்தது. என் கை தானாக இடது தோளைத் தொட்டுக்கொண்டது. அவள் பார்த்துவிட்டாள். “என்ன, பேட்டரி தீர்ந்துடுச்சா?” என்றாள், விருந்தாளி காதில் விழும்படியாகவே. எழுந்து போய்த் தேய்த்தேன்.

அவளிடம் நான் இன்னும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், பரவாயில்லை விடுங்க என்று சொல்லிவிடுவாள். நாற்பது வருடமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். அந்தப் பதிலை இன்னொரு முறை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. அடுத்த செக்கப் ஆறு மாதம் கழித்து. அவளும் வருவாள், வரைபடத்தைப் பார்ப்பாள். எத்தனை மணி நேரம் நடமாடினேன் என்பதை அது சரியாகக் காட்டும். யாருக்காக நடமாடினேன் என்பது அதில் வராது. அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.